குழாய் தீர்ந்த இடம்

நாணயம் சுண்டியது நானில்லை.
எந்த ஊருக்கு நல்ல தண்ணீர், எந்த ஊருக்கு இல்லையென்று
சீட்டுக் குலுக்கிப் போட
எனக்கு யார் அதிகாரம் தந்தார்கள்?
திருமங்கலத்துக்கு மேற்கே
ரயில்வே கேட் வரை வந்து
ஒப்பந்தக்காரருக்குக் குழாய் தீர்ந்துபோனது.
முனைக்கு மூடி போட்டு, சாக்கைச் சுற்றிவிட்டுப் போனார்கள்.
அவ்வளவுதான் என் ஆய்வின் வடிவமைப்பு.

கேட்டுக்கு இந்தப் பக்கம் நொச்சிப்பட்டி:
குளோரின் மணக்கும் தண்ணீர், காலை ஆறிலிருந்து ஏழு.
அந்தப் பக்கம் சடைச்சிகுளம்:
ஊருணி, ஒரு கைப்பம்பு, அதுவும் பாதி நாள் காற்று.
மற்றபடி ஒரே கரிசல், ஒரே மல்லிகைத் தோட்டத்துக் கூலி,
ஒரே மினி பஸ், ஒரே ஆரம்ப சுகாதார நிலையம்.
ஒரே என்று எழுதும்போதெல்லாம்
பென்சிலால்தான் எழுதினேன்.

நர்ஸ் ஜெசிந்தா பழைய பதிவேட்டைத் தட்டித் தந்தார்.
ஐந்து வயதுக்குக் கீழ், வயிற்றுப்போக்கு,
குழாய் வருவதற்கு முன் இருபத்துநான்கு மாதம்.
கூரை ஒழுகி, ஓர் ஐப்பசி முழுக்க
நீலமாய்க் கரைந்து கிடந்தது.
அந்தப் பிள்ளைகளை
'விடுபட்டவை' என்று குறித்துக்கொண்டேன்.

சித்திரையில் இரண்டு கோடும் சேர்ந்து ஏறின.
அழகர் ஆற்றில் இறங்கிய வாரம்
இரண்டு ஊரும் லாரி பிடித்துப் போய்
ஒரே அண்டாவில் நீர்மோர் குடித்திருக்கிறது.
இதற்குத்தான் ஒப்பீட்டு ஊர்.
இதிலிருந்து அதைக் கழித்தால்
திருவிழா போய்விடும், வெயில் போய்விடும்,
மிஞ்சுவது குழாய்.
கழித்தல் அத்தனை சுத்தமானது என்று
வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான்.

சடைச்சிகுளத்தில் ஒச்சம்மா மட்டும்
மாதம் தவறாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்:
"அங்கிட்டுத் தண்ணி குடுத்தீக.
இங்கிட்டு நோட்டத் தூக்கிட்டு வாரீக.
நாங்க எதுக்குத்தா ஒங்களுக்கு?"
தண்ணி நாங்க குடுக்கலம்மா என்றேன்.
உண்மைதான்.
ஆனாலும் அவள் நீட்டிய செம்பை
உதட்டில் படாமல் திருப்பிக் கொடுத்தேன்.
அதை அவள் பார்த்தாள்.

ஒன்பதாம் மாதத்திலிருந்து
சடைச்சிகுளத்துக் கோடும் இறங்கத் தொடங்கியது.
புதுக் குழாய் இல்லை. வேறு திட்டம் எதுவும் வரவில்லை;
பஞ்சாயத்து ஆபீசில் இரண்டு தடவை விசாரித்தேன்.
பேராசிரியர், டேட்டாவைச் சரிபார் என்றார்.
பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.
மினி பஸ் ஏறி ஒச்சம்மாவிடமே போனேன்.

"மாசாமாசம் கேட்டீகல்ல,
தண்ணியக் காய்ச்சிக் குடிக்கிறீகளா, காய்ச்சிக் குடிக்கிறீகளான்னு.
எத்தன மாசந்தான் இல்ல இல்லன்னு சொல்றது?
வெக்கமாப் போச்சு.
இப்ப எங்க தெருவுல அம்புட்டுப் பேரும் காய்ச்சுறோம்.
வெறகுக்குச் சீமக்கருவேல வெட்டி
கையெல்லாம் முள்ளு."
விரித்துக் காட்டினாள்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கணினியில் வித்தியாசம் சுருங்கிவிட்டது.
நம்பிக்கை இடைவெளி
பூஜ்யத்தின் மேல் காலைப் போட்டுப் படுத்திருக்கிறது.
'குழாயால் பலன் உண்டென்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.'
புள்ளியியலுக்கு இது சரி.
யாரோ ஓர் அதிகாரி இந்த வரியை மட்டும் கிள்ளியெடுத்து
மீதிக் குழாய்க்கான பணத்தை நிறுத்தினால்?

சொக்கிகுளத்து அறையில், மின்விசிறி கூட நின்றுவிட்ட இரவில்,
'ஆய்வின் வரம்புகள்' என்ற தலைப்புக்குக் கீழே
எழுதி, அழித்து, எழுதுகிறேன்:
ஒப்பீட்டு ஊர் எங்கள் கேள்விகளைக் குடித்துவிட்டது.
இப்படி எழுதக் கூடாது, தெரியும்.
காலையில் மாற்றிவிடுவேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதப் போவதில்லை.
கடைசியாகத் திரும்பிய அன்று கேட் மூடியிருந்தது.
பஸ் ஜன்னலுக்கு நேர் கீழே
சாக்கு நனைந்து, குழாய் முனை சொட்டிக்கொண்டிருந்தது.
அடியில் வரிசையாக மூன்று பிளாஸ்டிக் குடங்கள்.
எந்த ஊர்க் குடமென்று
இறங்கிக் கேட்டிருக்க வேண்டும்.
கூட்ஸ் வண்டி போகும் வரை நேரம் இருந்தது.
நான் இறங்கவில்லை.